மைலோ டின்னில் மிச்சமிருந்த மாத்திரைகள்

2005ஆம் ஆண்டு. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்த முருங்கை மரத்துக்கு முட்டுக் கொடுக்க அம்மா ஒரு பழைய பலகையை இழுத்திருக்கிறார். அதில் நீட்டிக்கொண்டிருந்த துரு ஆணி ரப்பர் சிலிப்பரைத் துளைத்து வலது காலில் ஏறிவிட்டது. பன்னிரண்டு வருடமாக அம்மாவுக்கு இனிப்பு நீர். காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் வலி பெரிதாகத் தெரியவில்லை. எங்களிடம் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் தற்செயலாகத்தான் பார்த்தேன். காயத்தின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ பொடி அப்பியிருந்தது.

"என்னம்மா இது?"

"இருமலுக்குக் கொடுத்த மாத்திரதான். மிச்சம் கெடந்துச்சு, நசுக்கிப் போட்டேன். தோட்டத்துல டிரஸர் ஐயா புண்ணுக்குப் பவுடர்தான போடுவாரு. அது ஆறலையா?"

அலமாரியின் மேலிருந்து மைலோ டின்னை இறக்கினேன். திறந்து பார்த்தால் பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள். ஒன்றில் ஆறு, ஒன்றில் நான்கு, இன்னொன்றில் பதினொன்று. பெரும்பாலும் எரித்ரோமைசின். இருமல், தொண்டை வலி என்று கிளினிக்குக்குப் போவார். ஐந்து நாள் மாத்திரை கொடுப்பார்கள். இரண்டாம் நாள் சரியானதும் மிச்சத்தை டின்னில் போட்டுவிடுவார். தோட்டத்தில் வாழ்ந்தவர். எதையும் வீணாக்கத் தெரியாது.

எப்போதும் எரித்ரோமைசினாகவே இருந்ததற்கும் காரணம் உண்டு. இளம் வயதில் ஒரு பென்சிலின் ஊசி போட்டதும் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அதிலிருந்து அவருடைய மருத்துவ அட்டையில் 'பென்சிலின் ஆகாது' என்று எழுதியிருக்கும். பென்சிலின் ஆகாதவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக எடுக்கும் அடுத்த மருந்து எரித்ரோமைசின்.

நான் அப்போது ஓர் அரசாங்க மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சளி, சீழ், சிறுநீர், இரத்தம் எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. என் வீட்டு அலமாரியில் இருந்த டின்னை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

'எஸ்' என்று வந்த முடிவு

அன்றே அம்மாவைப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் காயத்தைக் கழுவினார். பஞ்சில் சீழைத் தொட்டு வெளியிலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மூன்று நாளில் முடிவு வந்தது. கிருமியின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஒன்று. புண் கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும். பென்சிலின் என்ற இடத்தில் 'ஆர்'. எரித்ரோமைசினுக்கும் 'ஆர்'. கிளிண்டாமைசினுக்கு மட்டும் 'எஸ்'. 'ஆர்' என்றால் மருந்து கேட்காது. 'எஸ்' என்றால் கேட்கும்.

கிளிண்டாமைசின் கொடுத்தார்கள். அந்த முடிவில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. முதல் நான்கு நாளில் வீக்கம் வடிந்தது. அம்மா கடைக்குப் போக வேண்டும், முறுக்கு மாவுக்கு அரிசி வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஏழாம் நாள் இரவு காய்ச்சல் அடித்தது. காலையில் பார்த்தபோது கால் கணுக்கால் வரை சிவந்து, இரண்டு விரல்கள் கருத்திருந்தன.

நான் வேலை செய்த மருத்துவமனையிலேயே சேர்த்தோம். மறுபடி சீழ் எடுத்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பினார்கள். நான் அந்த வேலையைத் தொடவில்லை. அடுத்த நாள் காலை என்னுடன் வேலை செய்த பெண் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வந்து இந்தத் தட்டப் பாருங்க."

தட்டில் தெரிந்த எழுத்து

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு நாம் செய்யும் அகார் அகார் இருக்கிறதே, ஆய்வுக்கூடத்திலும் கிருமியை வளர்க்க அதே கடற்பாசிப் பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். சர்க்கரைக்குப் பதில் கிருமிக்குப் பிடித்த சத்துகளைச் சேர்த்து வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். அதன்மேல் கிருமியைச் சீராகத் தடவி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைப்போம். 35 பாகை வெப்பத்தில் ஓர் இரவு விட்டால் தட்டு முழுவதும் கிருமி படர்ந்துவிடும். மருந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றி நிலவைச் சுற்றிய கோட்டை போல ஒரு தெளிவான வட்டம் இருக்கும். வட்டத்தை அளந்து பார்த்துத்தான் 'எஸ்', 'ஆர்' என்று எழுதுவோம்.

அம்மாவின் தட்டில் எரித்ரோமைசின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிளிண்டாமைசினைச் சுற்றி நல்ல பெரிய வட்டம் இருந்தது. ஆனால் அந்த வட்டம் முழு வட்டமாக இல்லை. எரித்ரோமைசின் வில்லை இருந்த பக்கம் மட்டும் நேராகத் தட்டையாகியிருந்தது. பார்க்க ஆங்கில எழுத்து 'டி' போலவே இருந்தது.

இதற்குப் பெயரே 'டி சோதனை' என்பதுதான். இரண்டு வில்லைகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். தூரத்தில் தூரத்தில் வைத்தால் கிளிண்டாமைசின் வட்டம் அழகான முழு வட்டமாகத் தெரியும். 'எஸ்' என்று எழுதிவிடுவோம். முதல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்தச் சோதனை பரவலாக வழக்கத்துக்கு வந்ததே அந்தச் சில ஆண்டுகளில்தான். அதற்கு முன் இருபது வருடம் நானும் அந்த இரண்டு வில்லைகளைத் தட்டில் இடம் கிடைத்த மூலையில்தான் வைத்தேன். என் கையெழுத்தோடு எத்தனை 'எஸ்' போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன்.

முறுக்கு அச்சில் அடைத்த மாவு

அந்தத் 'டி' எழுத்துக்குப் பின்னால் நடப்பது என்ன? அதைப் புரிந்துகொள்ள ரைபோசோமைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புரதம் செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் ரைபோசோம். மரபணுவிலிருந்து வரும் செய்தியைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்த்து, புதுப் புரதத்தை ஒரு குறுகிய குழாய் வழியே வெளியே தள்ளும். முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மாவு, கீழே துளை, வெளியே நீளமாக வருவது புரதம். எரித்ரோமைசின் இந்தக் குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துளையில் கட்டி மாவு அடைத்தால் முறுக்கு எப்படி வரும்? புரதம் வராமல் பாக்டீரியா வளர்ச்சி நின்றுவிடும். கிளிண்டாமைசினும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் உட்காருகிறது.

நம் உடம்பிலும் ரைபோசோம்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? ரைபோசோமின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ என்ற நீண்ட இழையால் ஆனது. ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் அந்த இழைகளில் மொத்தம் ஏறத்தாழ 4,500 எழுத்துகள். பெரிய இழையில் மட்டும் 2,904. அதில் 2058ஆவது எழுத்து பாக்டீரியாவுக்கு 'அடினின்'. நம்முடைய உயிரணுவின் ரைபோசோமில் அதே இடத்தில் 'குவானின்'. எரித்ரோமைசின் பிடித்துக்கொள்வது அந்த அடினினைத்தான். ஓர் எழுத்து வித்தியாசம் நம்மைக் காப்பாற்றுகிறது.

இந்தக் கருவியின் உருவத்தை அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியதற்காக 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். மற்ற இருவர் அமெரிக்காவின் தாமஸ் ஸ்டைட்ஸ், இஸ்ரேலின் அடா யோனத். செய்தி வந்த அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் நம் ஆள் ஒருவர் வென்றுவிட்டதாகப் பெருமையோடு பேசிக்கொண்டார்கள். எனக்கு அம்மாவின் தட்டுதான் நினைவுக்கு வந்தது. அந்த 2058ஆவது எழுத்து எங்கே இருக்கிறது, மருந்து அதை எப்படித் தொடுகிறது என்று உலகம் கண்ணால் பார்க்க முடிந்தது இவர்களைப் போன்றவர்களால்தான்.

திருஷ்டிப் பொட்டு

மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் அது மருந்தை உடைத்துவிடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பென்சிலின் விஷயத்தில் அது உண்மை. அதை வெட்டிப் போடும் நொதி பல கிருமிகளிடம் உண்டு. எரித்ரோமைசினுக்கு எதிராக அம்மாவின் காலில் இருந்த கிருமி வேறு வழியைக் கையாண்டது. மருந்தை அது தொடவே இல்லை. தன் ரைபோசோமின் 2058ஆவது எழுத்தில் ஒரு பொட்டு வைத்தது.

பச்சைக் குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்போமே, அப்படி ஒன்று. 'எர்ம்' என்ற நொதி அந்த வேலையைச் செய்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த மெத்தில் என்ற மிகச் சிறிய துணுக்கை அந்த அடினினில் ஒட்டுகிறது. ஒன்றோ இரண்டோ ஒட்டும். ஏற்கெனவே கட்டி முடித்த ரைபோசோமுக்கு இந்த நொதியால் பொட்டு வைக்க முடியாது. புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும் ரைபோசோமுக்குத்தான் வைக்கும். பிறக்கும் குழந்தைக்குத்தான் பொட்டு.

பொட்டு வைத்த இடத்தில் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. மெத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதால் மருந்து உட்கார முடியவில்லை என்றுதான் நெடுங்காலம் விளக்கினார்கள். 2021இல் வெளிவந்த படங்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டின. அந்த அடினினுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரே ஒரு நீர் மூலக்கூறு நின்று இரண்டையும் கைகோர்த்து வைக்கிறது. பொட்டு வைத்ததும் அந்த நீருக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. பிடி விட்டுப்போகிறது.

இந்த ஒரு பொட்டால் மூன்று குடும்ப மருந்துகள் கைநழுவுகின்றன. எரித்ரோமைசினும் அதன் உறவுகளான அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசினும் முதல் குடும்பம். கிளிண்டாமைசின் இரண்டாவது. ஸ்ட்ரெப்டோகிராமின் வகையில் ஒரு பிரிவு மூன்றாவது. மூன்றும் அக்கம்பக்கத்தில் உட்காருகிறவை என்பதால் ஒரே பொட்டு மூன்றையும் விரட்டுகிறது.

மருந்தே போடும் சுவிட்ச்

அப்படியானால் கிளிண்டாமைசினுக்கு ஏன் முதலில் 'எஸ்' வந்தது? இங்கேதான் கிருமியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எல்லா நேரமும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தால் கிருமிக்கும் நட்டம். பொட்டு வைத்த ரைபோசோம் சில புரதங்களைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் பல கிருமிகள் இந்த நொதியின் மரபணுவை மூடியே வைத்திருக்கும். அந்த மரபணுவின் செய்தி மடித்த கடிதம் மாதிரி. முக்கியமான வரி மடிப்புக்குள் மறைந்திருக்கும். கடிதத்தின் தொடக்கத்தில் பத்தொன்பது அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான வரி இருக்கிறது. ரைபோசோம் அதைத் தடையில்லாமல் படித்து முடித்துப் போய்விட்டால் மடிப்பு அப்படியே இருக்கும்.

எரித்ரோமைசின் குழாயில் அடைத்த ரைபோசோம் அந்தக் குட்டி வரியைப் படிக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. அது நிற்கும் இடத்தில் மடிப்பு பிரிந்து, மறைந்திருந்த வரி வெளியே வருகிறது. மருந்து இன்னும் பிடிக்காத வேறொரு ரைபோசோம் அதைப் படித்து நொதியைச் செய்துவிடுகிறது. ஆக, எரித்ரோமைசின் வந்தால்தான் எரித்ரோமைசினைத் தோற்கடிக்கும் நொதி பிறக்கிறது. சுவிட்சைப் போடுவது மருந்தேதான்.

கிளிண்டாமைசின் இந்தச் சுவிட்சைப் போடாது. அதனால்தான் தட்டில் தனியாக வைத்தால் அது வேலை செய்வதாகத் தெரிகிறது. பக்கத்தில் எரித்ரோமைசினை வைத்தால், அது கசிந்து வரும் பக்கத்தில் உள்ள கிருமிகள் மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு கிளிண்டாமைசினையும் மீறி வளர்கின்றன. வட்டம் அந்தப் பக்கம் தட்டையாகிறது. 'டி' பிறக்கிறது.

இந்த அடையாளத்தை 1956இலேயே பாரிஸில் சாபேர் என்ற நுண்ணுயிரியலாளர் எரித்ரோமைசினையும் அதன் உறவான ஸ்பிராமைசினையும் பக்கத்தில் வைத்துக் கவனித்து எழுதினார். காரணம் தெரியவில்லை. 1971இல் அமெரிக்காவில் லாய், வைஸ்ப்ளம் இருவரும் எதிர்ப்புள்ள ஸ்டாஃபிலோகாக்கஸின் ரைபோசோம் ஆர்.என்.ஏவில் மெத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சாபேர் பார்த்த வடிவம் ஆய்வுக்கூடங்களின் அன்றாடச் சோதனையாக வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது.

உடம்புக்குள் நடப்பது இன்னும் மோசம். புண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றில் ஒன்றிரண்டில் அந்தச் சுவிட்ச் பழுதாகி, எப்போதும் திறந்தே இருக்கும். கிளிண்டாமைசின் மற்றவற்றை அழிக்கும். இந்த ஒன்றிரண்டு தப்பிக்கும். முதல் நான்கு நாள் வீக்கம் வடிந்ததும், ஏழாம் நாள் காய்ச்சல் வந்ததும் இப்படித்தான்.

எரித்ரோமைசின் பொடியைப் போட்டதுதான் அம்மாவின் கிருமிக்கு எதிர்ப்பைக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மரபணு எங்கிருந்தோ ஏற்கெனவே வந்திருக்க வேண்டும். ஆனால் அரைகுறையாகச் சாப்பிட்ட ஒவ்வொரு அட்டையும், நசுக்கிப் போட்ட ஒவ்வொரு மாத்திரையும், மரபணு உள்ள கிருமிக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

ஊருக்குப் பக்கத்து மண்

எரித்ரோமைசினின் பிறப்பு நம் வட்டாரத்தில்தான். பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற டாக்டர், தாம் வேலை செய்த அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு 1949இல் மண் மாதிரிகளை அனுப்பினார். அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்த மருந்து 1952இல் விற்பனைக்கு வந்தது. பென்சிலின் ஆகாதவர்களுக்கு அது தெய்வம் மாதிரி.

யோசித்துப் பாருங்கள். புரதக் குழாயை அடைக்கும் விஷத்தைத் தயாரிக்கும் அந்த மண் பாக்டீரியாவுக்கும் ரைபோசோம் உண்டு. தன் விஷத்தால் தானே சாகாமல் எப்படி இருக்கிறது? அதுவும் தன் ரைபோசோமில் அதே இடத்தில் அதே பொட்டை வைத்துக்கொள்கிறது. மருந்து பிறந்த வீட்டிலேயே மருந்தைத் தோற்கடிக்கும் நொதியும் இருக்கிறது. இத்தகைய மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களில் ஏறி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. நாம் மருந்தை எவ்வளவு இறைக்கிறோமோ, அந்த அளவுக்குத் தாவியவை பிழைக்கின்றன.

வேறு பொட்டுகளும் உண்டு. ரைபோசோமின் சிறிய பாகத்தில் பொட்டு வைக்கும் நொதிகள் 2003இல் பிரான்ஸிலும் ஜப்பானிலும் நோயாளிகளின் கிருமிகளில் கண்டறியப்பட்டன. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகள் எவ்வளவு கொடுத்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. கடுமையான தொற்றுக்குக் கடைசிக் கட்டத்தில் கை வைக்கும் மருந்துகள் இவை.

இன்னொன்று 'சி.எஃப்.ஆர்'. ஜெர்மனியில் ஒரு கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸில் இதன் மரபணு கிடைத்தது. 2000ஆம் ஆண்டு அறிவித்தார்கள். இது 2503ஆவது எழுத்தில் பொட்டு வைத்து ஐந்து குடும்ப மருந்துகளை விரட்டுகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ என்ற முரட்டுக் கிருமிக்காக லினசோலிட் என்ற புது மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 2000ஆம் ஆண்டுதான். அந்த ஐந்தில் லினசோலிடும் ஒன்று. எட்டு ஆண்டுகளில் மாட்ரிட் நகரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் லினசோலிடுக்கு அடங்காத, இந்த மரபணு கொண்ட கிருமி நோயாளிகளிடையே பரவியது.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் சும்மா இல்லை. பொட்டு வைத்த ரைபோசோமையும் இறுகப் பிடிக்கும்படி வடிவமைத்த கிரெசோமைசின் என்ற மருந்தை 2024இல் ஹார்வர்ட் குழு ஒன்று அறிவித்தது. எலிகளில் பலன் தெரிந்திருக்கிறது. மனிதருக்கு வந்து சேர நாளாகும். அதுவரை இருக்கிற மருந்துகளோடுதான் நாம் பிழைக்க வேண்டும்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

ஓய்வு பெற்ற பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் பலர் கேட்பது, "அக்கா, எண்டிபயாடிக் எது நல்லது?" என்பதுதான். என் பதில்கள் இவை.

சளி, இருமல், தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது. நம்முடையதைத்தான் இரவல் வாங்கிப் பயன்படுத்துகிறது. எரித்ரோமைசின் போய் அடைக்க அங்கே குழாயே இல்லை. அந்த மாத்திரையால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. நம் உடம்பில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குத்தான் பாடம் நடக்கும்.

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். நடுவில் நிறுத்தலாமா என்று சந்தேகம் வந்தால் அவரையே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை. மிச்சம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். காயத்தில் மாத்திரையை நசுக்கிப் போடவே போடாதீர்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் மருந்துக்குக் கேட்காமல் இழுத்தால், "சீழ் எடுத்துச் சோதிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. எரித்ரோமைசினுக்கு 'ஆர்', கிளிண்டாமைசினுக்கு 'எஸ்' என்று வந்தால், "டி சோதனை செய்தார்களா?" என்றும் கேட்கலாம். எரித்ரோமைசினைக் கிருமி வெறுமனே வெளியே இறைத்துத் தள்ளும் வகையும் உண்டு. அப்போது கிளிண்டாமைசின் உண்மையிலேயே வேலை செய்யும். எது எது என்று பிரித்துச் சொல்வது அந்த ஒரு சோதனைதான்.

பென்சிலின் ஆகாது என்று அட்டையில் எழுதியிருந்தால் அதையும் ஒருமுறை பேசுங்கள். அப்படி எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முறையாகச் சோதித்தால் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு தடிப்புக்காக நல்ல மருந்து ஒன்றை வாழ்நாள் முழுவதும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் இதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. டாக்டர்தான் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு அந்த வருடத் தீபாவளி வார்டிலேயே போனது. இரண்டு விரல்களை எடுத்த பிறகு வேறு ஊசி மருந்தில் காலைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் நடமாடினார். முருங்கை மரத்தை மட்டும் நான் வெட்டிவிட்டேன். அதற்காக என்னை அவர் மன்னிக்கவில்லை.

'டி' எழுத்தைப் பற்றி ஒருநாள் முறுக்கு அச்சை வைத்தே விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான்தான் சுவிட்ச போட்டேனா?" என்றார். நீ மட்டும் இல்லம்மா, நானும்தான் என்றேன். டின்னைத் திறந்து பார்க்காதவள் நான். வில்லைகளைத் தூரத் தூர வைத்தவளும் நான்.

அந்த மைலோ டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊசி, நூல், பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் கிளினிக்கில் டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்ததுமே அம்மா முந்திக்கொண்டு கேட்பார்: "டாக்டர், இது சளிக்கா, கிருமிக்கா? கிருமி இல்லன்னா எனக்கு வேணாம்." இளம் டாக்டர்கள் சிரித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்ததை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.